கிட் ரெப்போவிலிருந்து ஒரு ஃபைலை நீக்குவது எப்படி: டெர்மினல் வழியாக, படிப்படியாக

ஒரு பாஸ்வேர்ட் ஃபைலை கிட் ரெப்போவிலிருந்து (ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட் என்ற கருவி பார்த்துக்கொள்ளும் ஃபோல்டர்) எடுக்க எனக்கு முழுசாக இரண்டு நாள் பிடித்தது. முதல் நாளே எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை, கூட வேலை பார்க்கும் தம்பி நான் ஃபைலை நீக்கிப் பதிந்த அந்தக் கமிட்டையே (வரலாற்றில் பதியும் ஒரு மாற்றத்துக்கு கமிட் என்று பெயர்) திறந்து, "அக்கா, இது இன்னும் இங்கதான் இருக்கு" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்ட் மூன்றும் மூன்று வரியில் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி, எழுத்தெல்லாம் சிவப்பு. எதை நீக்கினேன் என்பதை அந்தக் கமிட்டே எல்லாருக்கும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

கிட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். நீங்களும் இரண்டு நாளைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தில் அடியுங்கள். ஹெட் என்று வரும் இடத்தில் மட்டும் பெரிய எழுத்து. 'ஆர்எம்' என்றால் ஆர், எம் என்ற 2 எழுத்துகள். அது 'ரிமூவ்' என்பதன் சுருக்கம். கோடுகளும் புள்ளிகளும் இங்கே இருக்கிறபடியே வர வேண்டும். ஒற்றைக் கோடு வேறு, இரட்டைக் கோடு வேறு.

1. உங்களுக்கு எந்த 'நீக்கம்' வேண்டும்?

கட்டளையைத் தேடுவதற்கு முன்னால் இதைத் தீர்மானியுங்கள். ஃபைலை நீக்குவது என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் கிட்டில் அது 3 தனித்தனி வேலை.

ஃபைல் இனிமேல் யாருக்கும் தேவையில்லை, பழைய வரலாற்றில் கிடந்தால் பரவாயில்லை என்றால் அது சாதாரண நீக்கம். படி 3 போதும், ஒரு நிமிட வேலை.

ஃபைல் உங்கள் கணினியில் இருக்க வேண்டும், ஆனால் கிட் அதைக் கவனிக்கக் கூடாது என்றால் படி 4. கான்ஃபிக் ஃபைல், லாக் ஃபைல், நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் எல்லாம் இந்த வகை.

ஃபைல் எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததற்கான தடயமே கூடாது என்றால் படி 6 அல்லது 7. பாஸ்வேர்ட், கிளவுட் சாவி, வாடிக்கையாளரின் அடையாள அட்டை ஸ்கேன், தவறிப்போய் உள்ளே வந்த பெரிய வீடியோ, டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கொட்டி வைத்த ஃபைல்) ஆகியவை இதில் அடங்கும்.

நான் செய்த தவறு, மூன்றாவது வேலைக்கு இரண்டாவது கட்டளையைப் போட்டது.

2. கை வைப்பதற்கு முன்

முதலில் இதை அடியுங்கள்:

கிட் ஸ்டேட்டஸ்

கமிட் செய்யாத மாற்றங்கள் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் அவற்றை முடித்துவிட்டு வாருங்கள். நீக்கமும் மற்ற வேலையும் ஒரே கமிட்டில் கலந்தால் பின்னால் பிரித்தெடுப்பது கஷ்டம்.

அடுத்து, நீங்கள் நீக்க நினைக்கும் ஃபைல் உண்மையிலேயே கிட்டின் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்

கிட் கவனித்துவரும் ஃபைல்கள் மட்டுமே இந்தப் பட்டியலில் வரும். உங்கள் ஃபைல் இதில் இல்லை, முன்பு எந்தக் கமிட்டிலும் சேர்ந்ததும் இல்லை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை, சாதாரணமாக அழித்துவிடலாம். கணக்கில் இல்லாத ஃபைல்களை மொத்தமாக அழிக்க 'கிட் கிளீன்' என்று ஒன்று உண்டு. ஆனால் அது அழித்ததை கிட்டால் திருப்பித் தர முடியாது. அதனால் எப்போதும் முதலில் 'கிட் கிளீன் -என்' என்று அடித்து, எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு என்று எதுவும் இல்லை. இங்கே வரும் கருவிகள் எல்லாமே இலவசம். படி 7 வரை போகிறீர்கள் என்றால் ரெப்போவின் முழு நகல் ஒன்றுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும், கூட வேலை பார்ப்பவர்களின் அரை நாள் வேண்டும். அந்த அரை நாள்தான் உண்மையான செலவு.

3. சாதாரண நீக்கம்

கிட் ஆர்எம் பழைய-அறிக்கை.டிஎக்ஸ்டி
கிட் கமிட் -எம் "பழைய அறிக்கை நீக்கம்"
கிட் புஷ்

அவ்வளவுதான். முதல் வரி ஃபைலை உங்கள் ஃபோல்டரிலிருந்தும் அழிக்கும், அடுத்த கமிட்டில் நீக்கமாகப் பதியவும் தயார் செய்யும். கடைசி வரியில் உள்ள புஷ், உங்கள் கமிட்டுகளை எல்லாரும் பகிரும் ரெப்போவுக்கு அனுப்பும். ஃபைல் மேனேஜரில் ஏற்கெனவே டெலீட் பொத்தானை அழுத்திவிட்டீர்களா? பரவாயில்லை. அதே கட்டளையை இப்போது அடித்தாலும் கிட் ஏற்றுக்கொள்ளும்.

ஃபோல்டர் என்றால் '-ஆர்' சேர்க்க வேண்டும்:

கிட் ஆர்எம் -ஆர் பழைய-படங்கள்

சந்தேகம் இருந்தால் '-என்' போட்டு ஒத்திகை பாருங்கள். எந்த ஃபைலெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் வரும், எதுவும் அழியாது. ஃபோல்டர் நீக்கத்தில் நான் இதைத் தவிர்ப்பதே இல்லை.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஃபைலில் நீங்கள் மாற்றம் செய்து கமிட் செய்யாமல் வைத்திருந்தால், 'உள்ளூர் மாற்றங்கள் இருக்கின்றன' என்று சொல்லி கிட் நீக்க மறுக்கும். '-எஃப்' போட்டால் கட்டாயமாக நீக்கலாம் என்று அந்தச் செய்தியே வழியும் சொல்லும். அவசரத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள். கமிட் ஆகாத மாற்றம் எந்த வரலாற்றிலும் கிடையாது, போனால் போனதுதான். முதலில் 'கிட் டிஃப்' அடித்து என்ன மாற்றம் என்று பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று நட்சத்திரக் குறி.

கிட் ஆர்எம் "*.லாக்"

மேற்கோளுக்குள் போட்டால் அந்த நட்சத்திரத்தை கிட் விரிக்கும், அதாவது பொருந்தும் ஃபைல் பெயர்களாக மாற்றும். உள் ஃபோல்டர்களில் இருக்கும் லாக் ஃபைல்களும் சேர்ந்து போகும். மேற்கோள் இல்லாமல் போட்டால் லினக்ஸிலும் மேக்கிலும் ஷெல் (டெர்மினலில் நீங்கள் அடிப்பதை முதலில் படிக்கும் நிரல்) அதை விரிக்கும், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் உள்ளவை மட்டும் போகும். ஒரு மேற்கோள் குறிதான் வித்தியாசம், ஆனால் விளைவு தலைகீழ். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட் ஒற்றை மேற்கோளை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது, அதனால் இரட்டை மேற்கோளையே பழகிக்கொள்ளுங்கள்.

4. ஃபைல் இருக்கட்டும், கிட் மறக்கட்டும்

கிட் ஆர்எம் --கேச்டு .என்வ்

.என்வ் என்பது பாஸ்வேர்ட் போன்றவற்றை வைக்கும் கான்ஃபிக் ஃபைல். இந்தக் கட்டளை ஃபைலைத் தொடாது, கிட்டின் கணக்கிலிருந்து மட்டும் எடுக்கும். உடனே .கிட்இக்னோர் ஃபைலை (கிட் கவனிக்கக் கூடாத பெயர்களின் பட்டியல்) திறந்து '.என்வ்' என்று ஒரு வரி சேர்த்து, இரண்டையும் ஒரே கமிட்டில் போடுங்கள்:

கிட் ஆட் .கிட்இக்னோர்
கிட் கமிட் -எம் "கான்ஃபிக் ஃபைல் இனி ரெப்போவில் வேண்டாம்"

.கிட்இக்னோரில் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. ஏற்கெனவே கணக்கில் இருக்கும் ஃபைலை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது. முதலில் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், பிறகுதான் பட்டியல் வேலை செய்யும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. கவனமாகப் படியுங்கள். '--கேச்டு' போட்டால் ஃபைல் பத்திரம் என்பது உங்கள் கணினிக்கு மட்டும்தான். அந்தக் கமிட்டை மற்றவர்கள் புல் செய்யும்போது (பகிரும் ரெப்போவிலிருந்து தங்கள் கணினிக்கு இறக்கும்போது) அவர்களுக்கு அது வெறும் நீக்கமாகவே போய்ச் சேரும். அவர்கள் ஃபோல்டரில் அந்த ஃபைல் அழிந்துவிடும். சர்வரும் இதில் அடக்கம். என் விஷயத்தில் முதல் நாள் சாயங்காலம் சர்வரில் கிட் புல் அடித்தேன். திரையில் 'டெலீட் மோட்' என்று தொடங்கும் ஒரே ஒரு வரி ஓடியது. நான் அதைப் படிக்கவில்லை. அடுத்த நிமிடமே தளம் டேட்டாபேஸைக் காணோம் என்று நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் என் லேப்டாப்பில் அந்த ஃபைல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே சர்வரில் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஃபைலை ரெப்போவுக்கு வெளியே நகலெடுங்கள்:

சிபி .என்வ் ../என்வ்-நகல்

அதற்குப் பிறகு புல். பிறகு நகலைப் பழைய இடத்தில் வையுங்கள். கூட வேலை பார்க்கும் எல்லாருக்கும் இதையே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே புல் ஆகி ஃபைல் போய்விட்டதென்றால், அந்த நீக்கமே கடைசிக் கமிட்டாக இருக்கும்வரை இப்படி மீட்கலாம் (ஹெட் என்பது கடைசிக் கமிட், '~1' என்றால் அதற்கு முந்தையது):

கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்=ஹெட்~1 .என்வ்

ரெப்போவில் '.என்வ்.எக்ஸாம்பிள்' என்று ஒரு மாதிரி ஃபைல் வைத்து, பெயர்களை மட்டும் எழுதி மதிப்புகளைக் காலியாக விட்டால், நாளைக்குப் புதிதாகச் சேர்பவருக்கு என்னென்ன நிரப்ப வேண்டும் என்று தெரியும்.

5. தவறான ஃபைலை நீக்கிவிட்டால்

பயப்படாதீர்கள். கமிட் ஆன எதையும் கிட் அவ்வளவு எளிதில் விடாது.

இன்னும் கமிட் செய்யவில்லை என்றால்:

கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு --வொர்க்ட்ரீ ஃபைல்பெயர்

'ரீஸ்டோர்' கட்டளை 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில்தான் சேர்ந்தது. உங்கள் சர்வரில் அதைவிடப் பழைய கிட் இருந்தால் 'கிட் செக்அவுட் ஹெட் -- ஃபைல்பெயர்' என்று அடியுங்கள், இதே வேலையைச் செய்யும்.

நீக்கத்தை ஏற்கெனவே கமிட் செய்துவிட்டீர்கள் என்றால், அது எந்தக் கமிட் என்று தேடுங்கள்:

கிட் லாக் --ஒன்லைன் -- ஃபைல்பெயர்

நடுவில் தனியாக நிற்கும் அந்த இரட்டைக் கோட்டை விடாதீர்கள். ஃபைல் இப்போது டிஸ்க்கில் இல்லாததால், அது இல்லாமல் அடித்தால் நீங்கள் சொல்வது ஃபைலா பிராஞ்சா (வேலையின் தனிக் கிளை) என்று கிட் குழம்பிப் பிழை காட்டும். பட்டியலில் மேலே இருப்பதுதான் நீக்கிய கமிட். அதற்கு முந்தையதிலிருந்து ஃபைலை எடுங்கள்:

கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்=கமிட்எண்~1 ஃபைல்பெயர்

பல இடங்களில் '~1' என்பதற்குப் பதிலாகக் கூரைக் குறி போட்டிருப்பார்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் அந்தக் குறியைத் தனக்கானதாக எடுத்து விழுங்கிவிடும். '~1' எங்கேயும் வேலை செய்யும்.

6. தடயமே கூடாது, ஆனால் இன்னும் புஷ் ஆகவில்லை

இந்த நிலையில் இருக்கிறீர்கள் என்றால் 5 நிமிடத்தில் முடியும். கடைசிக் கமிட்டில்தான் அந்த ஃபைல் சேர்ந்தது என்றால்:

கிட் ஆர்எம் --கேச்டு டம்ப்.எஸ்க்யூஎல்
கிட் கமிட் --அமெண்ட் --நோ-எடிட்

அந்தக் கமிட்டுக்குப் பதிலாக, ஃபைல் இல்லாத புதிய கமிட் ஒன்று உருவாகும்.

மூன்று நான்கு கமிட்டுக்கு முன்னால் சேர்ந்தது என்றால், முதலில் பகிரும் ரெப்போவில் உங்களிடம் இல்லாத புதிய கமிட் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்தால் புல் செய்துவிட்டு வாருங்கள். கீழே ஓரிஜின் என்பது அந்தப் பகிரும் ரெப்போவின் பெயர், மெயின் என்பது அதன் பிரதான பிராஞ்ச். பிறகு:

கிட் ரீசெட் --சாஃப்ட் ஓரிஜின்/மெயின்
கிட் ஆர்எம் --கேச்டு டம்ப்.எஸ்க்யூஎல்
கிட் கமிட் -எம் "இந்த வாரத்து வேலை"

புஷ் ஆகாத கமிட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கமிட்டாகிவிடும். உங்கள் வேலை எதுவும் போகாது, தனித்தனிக் குறிப்புகள் மட்டும் போகும்.

பெரிய ஃபைலால் புஷ் மறுக்கப்பட்டு இங்கே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 50 எம்பிக்கு மேல் எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைத் தடுத்துவிடும். தடுத்தவுடன் எல்லாரும் செய்வது, ஃபைலை நீக்கி இன்னொரு கமிட் போட்டு மறுபடி புஷ் செய்வது. அதே பிழைதான் வரும். ஏனென்றால் புஷ் என்பது கடைசி நிலையை மட்டும் அனுப்புவதில்லை, நடுவில் உள்ள ஒவ்வொரு கமிட்டையும் அனுப்புகிறது. அந்தப் பெரிய ஃபைல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்னபடி அந்தக் கமிட்டையே மாற்ற வேண்டும்.

7. புஷ் ஆகிவிட்டது, வரலாற்றிலிருந்தே எடுக்க வேண்டும்

அ) முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கிட்டைத் தொடுவதற்கு முன்னால், இப்போதே. பொது ரெப்போக்களில் சாவிகளைத் துழாவித் தேடும் தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. யாராவது நகல் எடுத்தும் இருக்கலாம். வரலாற்றை எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாலும் வெளியே போன பாஸ்வேர்ட் வெளியே போனதுதான். கிளவுட் சாவி என்றால் பழையதை ரத்து செய்துவிட்டு, நீங்கள் தொடங்காத எதாவது ஓடுகிறதா என்று பில்லையும் பாருங்கள். நான் இந்த வேலையைக் கடைசியில் செய்தேன். அந்த ஒரு இரவு அந்தப் பாஸ்வேர்ட் உயிரோடு இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

பாஸ்வேர்டை மாற்றியதே போதும், பழைய வரி வரலாற்றில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று பேர் மட்டும் பார்க்கும் தனியார் ரெப்போவில் அது நியாயமான முடிவு. ஒருவரின் அடையாள அட்டை ஸ்கேன் போல மாற்ற முடியாத விஷயம் என்றால் கீழே உள்ளதைச் செய்தே ஆக வேண்டும்.

ஆ) நேரம் குறியுங்கள். எல்லாரும் தங்கள் வேலையை புஷ் செய்து முடித்த ஒரு நேரம் வேண்டும். ரெப்போவின் நகல் எங்கெல்லாம் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதுங்கள்: யார் யார் லேப்டாப், எந்த சர்வர், தானியங்கிச் சோதனை ஓடும் இயந்திரம். திறந்திருக்கும் புல் ரெக்வெஸ்ட்டுகளை (பிராஞ்சில் இணைக்கச் சொல்லி அனுப்பிய மாற்றங்கள்) முடிந்தவரை இணைத்தோ மூடியோ விடுங்கள். பிரதான பிராஞ்சுக்குப் பாதுகாப்புப் பூட்டு போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாகத் திறக்க அனுமதி உள்ளவர் யார் என்று கேட்டு வையுங்கள். நாங்கள் இதைக் கேட்டு வைக்காததால் அவர் ஊரிலிருந்து திரும்பும்வரை காத்திருந்தோம்.

இ) முழு நகல் எடுங்கள்:

கிட் குளோன் --மிர்ரர் ரெப்போமுகவரி காப்பு.கிட்

ஈ) கருவியை நிறுவுங்கள். கிட்டோடு வரும் 'ஃபில்டர்-பிராஞ்ச்' பழைய வழி. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிட்டின் ஆவணமே சொல்லி 'ஃபில்டர்-ரெப்போ' பக்கம் கைகாட்டுகிறது. பைத்தான் இருந்தால் போதும்:

பிப் இன்ஸ்டால் கிட்-ஃபில்டர்-ரெப்போ

உ) ரெப்போவை இன்னொரு முறை புதிதாகக் குளோன் செய்து, அதற்குள் போய் அடியுங்கள்:

கிட் ஃபில்டர்-ரெப்போ --பாத் கான்ஃபிக்/.என்வ் --இன்வர்ட்-பாத்ஸ்

கடைசிச் சொல்லை மறந்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும். 'இன்வர்ட்-பாத்ஸ்' இல்லாவிட்டால், அந்த ஒரு ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வரலாற்றோடு எடுத்துவிடும். நகல் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். பழைய குளோனில் ஓட்டப் பார்த்தால், இது புதிய குளோன் மாதிரித் தெரியவில்லை என்று மறுக்கும். கட்டாயப்படுத்தாமல் புதிதாகக் குளோன் செய்யுங்கள்.

அந்த ஃபைல் முன்பு வேறு பெயரிலோ வேறு ஃபோல்டரிலோ இருந்திருந்தால் கருவி அதைத் தானாகப் பின்தொடராது. ஒவ்வொரு பழைய பாதையையும் தனித்தனி '--பாத்' ஆகக் கொடுக்க வேண்டும்.

ஃபைல் வேண்டும், அதற்குள் இருக்கும் பாஸ்வேர்ட் மட்டும் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி '--ரீப்ளேஸ்-டெக்ஸ்ட் அந்தஃபைல்' என்று கொடுங்கள். வரலாறு முழுக்க அந்த இடத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே 'ரிமூவ்டு' என்று வந்துவிடும். அந்த டெக்ஸ்ட் ஃபைலை ரெப்போவுக்கு வெளியே வையுங்கள்.

ஊ) சரிபாருங்கள்:

கிட் லாக் --ஆல் --ஒன்லைன் -- கான்ஃபிக்/.என்வ்

எதுவும் வரக் கூடாது.

எ) திருப்பி அனுப்புங்கள். நீங்கள் பழக்க தோஷத்தில் புஷ் செய்துவிடக் கூடாது என்று கருவி ஓரிஜின் இணைப்பை நீக்கியிருக்கும். மறுபடி சேர்க்க வேண்டும்:

கிட் ரிமோட் ஆட் ஓரிஜின் ரெப்போமுகவரி
கிட் புஷ் --ஃபோர்ஸ் --ஆல் ஓரிஜின்
கிட் புஷ் --ஃபோர்ஸ் --டேக்ஸ் ஓரிஜின்

டேக் (வெளியீடுகளுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) வரியை விட்டுவிட்டால் பழைய வெளியீடுகள் வழியாக அந்த ஃபைல் அப்படியே தெரியும். கருவி ஓடியது எனக்குச் சில விநாடிகள்தான். இதைச் சுற்றியிருந்த வேலைதான் நாள் முழுக்க இழுத்தது. புஷ் முடிந்ததும் பிராஞ்ச் பூட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

8. புஷ்ஷுக்குப் பிறகு

ஃபைல் சேர்ந்த கமிட் தொடங்கி அதற்குப் பிந்தைய எல்லாக் கமிட்டின் எண்ணும் இப்போது மாறியிருக்கும். பழைய குளோன் வைத்திருக்கும் ஒருவர் வழக்கம்போலப் புல் செய்து, பழையதும் புதியதும் கலந்து, அதை புஷ் செய்தால் நீங்கள் எடுத்த ஃபைல் திரும்ப வந்து உட்காரும். அதனால் எல்லாரிடமும் ஒரே வரியாகச் சொல்லுங்கள்: "புல் செய்யாதீர்கள். பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் செய்யுங்கள்." நீங்கள் எழுதிய காகிதப் பட்டியலில் ஒவ்வொருவராக டிக் அடியுங்கள்.

கிட்ஹப்பில் இன்னொரு வேலை மிச்சம் இருக்கும். பழைய கமிட் எண்ணை யாராவது குறித்து வைத்திருந்தால், அந்த எண்ணை முகவரியில் போட்டு இன்னமும் பார்க்க முடியலாம். பழைய புல் ரெக்வெஸ்ட்டுகளும் அந்தக் கமிட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். இவற்றை உங்களால் அழிக்க முடியாது, கிட்ஹப் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். எழுதும்போது ரெப்போ பெயர், சம்பந்தப்பட்ட புல் ரெக்வெஸ்ட் எண்கள், பழைய கமிட் எண்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஃபோர்க் (தங்கள் கணக்கில் ரெப்போவின் ஒரு நகல்) எடுத்திருந்தால் அது அவர்கள் கணக்கில் அப்படியே இருக்கும், அவர்களிடம் நேரில் கேட்பதுதான் வழி.

கடைசியாக, படி 7-இல் எடுத்த காப்பு.கிட் ஃபோல்டர். நீங்கள் துடைக்க நினைத்த அத்தனையும் அதற்குள் முழுசாக இருக்கிறது. எல்லாரும் புதிய குளோனில் ஒரு வாரம் சிக்கலில்லாமல் வேலை பார்த்த பிறகு அதை அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.